கடற்குளிரும் காப்புடையும்

இலங்கையைச் சூழ்ந்த கடலில் இறங்குவோர் தாம் உடுத்த உடையைப்பற்றி நெடுநேரம் சிந்திப்பதில்லை. கரைவலை இழுப்போரும் தோணி செலுத்துவோரும் இடுப்பில் ஒரு துண்டை வரிந்து கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கிவிடுகின்றனர். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் விளங்கும் இக்கடல் மனிதனைக் குளிரால் வருத்துவது அரிது. ஆயின், உலகின் கடல்கள் யாவும் இத்தன்மையன அல்ல. ஆங்கிலக் கால்வாயின் நீர் மார்ச்சு மாதத்தில் 8 அல்லது 9 பாகை அளவுக்குக் குளிர்ந்துவிடும். சான் பிரான்சிஸ்கோ நகரை அடுத்த பசிபிக் கடலோ கோடையிற்கூட 12 முதல் 15 பாகை அளவிலேயே நிற்கும். அத்தகைய கடல்களிலும் காற்றின் வலிமையைத் துணையாகக் கொண்டு விளையாடுவோர் பலர். சிலர் பாய்க்கலம் செலுத்துவர். சிலர் பாய் பொருத்திய பலகைமேல் நின்று சவாரி செய்வர். வேறு சிலர் பெரும் பட்டமொன்றால் இழுக்கப்பட்டு அலைமேற் பாய்ந்து செல்வர். இவர்கள் எத்தகைய உடை உடுத்த வேண்டும் என்பதை மனிதகுலம் ஒரே நாளிற் கற்றுக்கொள்ளவில்லை. அக்கல்விக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட உயிர்கள் பல.

நீரின் குளிர் வேறு, காற்றின் குளிர் வேறு என்பதே இதில் முதற்கண் அறியத்தக்க உண்மை. நீரானது காற்றைப் பார்க்கிலும் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திச் செல்லும் இயல்புடையது. 10 பாகை வெப்பமுள்ள காற்றிலே, கம்பளிச் சட்டை அணிந்த ஒருவர் நாள் முழுவதும் நலமாக உலாவலாம். அதே 10 பாகை வெப்பமுள்ள நீரில் அவர் விழுந்தாரெனின், சில நிமிடங்களிலே கைவிரல்கள் விறைத்து, கயிற்றைப் பற்றும் ஆற்றலையும் இழந்துவிடுவார். இளவேனிற் காலத்தில் வடநாடுகளிற் காயும் வெயில் இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது. நிலம் விரைவாகச் சூடேறும்; கடல் பல வாரங்கள் பின்தங்கியே சூடேறும். எனவே கரையில் நிற்பவருக்கு உடலில் இதமான வெயில் படும் அதே வேளையில், எதிரே கிடக்கும் கடல் குளிர்காலத்தின் குளிரை இன்னும் விடாது வைத்திருக்கும். வெயிலைப் பார்த்து உடுப்பவர் கரைக்கு உடுக்கிறார். நீரை அறிந்து உடுப்பவரே கடலுக்கு உடுக்கிறார்.

இந்தப் பாடத்தை முதலிற் கற்றவர்கள் வடதுருவத்தை அண்டி வாழ்ந்த மக்களே. அலூசியன் தீவுகளிலும் அலாஸ்காவிலும் கிரீன்லாந்திலும் வாழ்ந்தோர், தோலாற் கட்டிய கயாக் என்னும் சிற்றோடங்களில் ஏறி, உறையும் குளிருள்ள கடலிலே வேட்டையாடினர். கடற்சிங்கம், கடல்நாய் முதலிய விலங்குகளின் குடலைத் துப்புரவாக்கி உலர்த்தி, நீளநீளமான நாடாக்களாக வெட்டி இணைத்து, நீர் புகாத மேலங்கிகளை அப்பெண்கள் தைத்தனர். அவை எடையிற் குறைந்தவை. காற்றையும் அலைத் திவலையையும் உட்புக விடாதவை. கிரீன்லாந்தின் ஓடக்காரர் அணிந்த தோற்சட்டையோ, ஓடத்தின் வாய்விளிம்பைச் சுற்றி இறுகக் கட்டப்படுவது. ஓடம் கவிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது. ஓடக்காரர் துடுப்பை வீசி மீண்டும் நிமிர்ந்துவிடுவார்.

இவ்வுடைகளின் சிறப்புத் தோலில் மட்டும் இருக்கவில்லை, தையலிலும் இருந்தது. ஊசி துளைத்த இடமெல்லாம் நீர் புகும் வழியாகும் என்பதை அப்பெண்கள் அறிந்திருந்தனர். ஆதலால் ஊசியைத் தோலின் முழுத்தடிப்பினூடே செலுத்தாது, பாதித்தடிப்பில் மட்டும் செலுத்தி வெளியே எடுக்கும் ஒரு தையலை அவர்கள் கையாண்டனர். சில இடங்களிலே தையலோடு உலர்ந்த புல்லையும் சேர்த்துத் தைத்தனர். நனைந்ததும் அப்புல் பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடமும் ஆராய்ச்சிசாலையும் காணாத அந்தக் கைகளின் நுட்பம், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வேறொரு பொருளிலே மீண்டும் தோன்றியதைப் பின்னர்க் காண்போம்.

ஐரோப்பிய மாலுமிகளின் உடை வேறுவகையில் வளர்ந்தது. துணியிலே ஆளிவிதை எண்ணெயைப் பூசி உலர்த்திய எண்ணெய்ச்சீலையை அவர்கள் அணிந்தனர். நோர்வே நாட்டுக் கப்பற்றலைவர் ஹெல்லி யூல் ஹான்சன் 1877ஆம் ஆண்டில் இத்தகைய ஆடைகளைத் தொழிலாகவே தயாரிக்கத் தொடங்கினார். உள்ளே கம்பளியும் வெளியே எண்ணெய்ச்சீலையுமாக உடுத்த மாலுமி, மழைக்கும் அலைத் திவலைக்கும் அஞ்சாது கப்பல் தட்டிலே நின்று தொழில் புரிந்தார். எனினும் அவ்வுடை மேலிருந்து வரும் நீருக்கு அமைந்ததேயன்றி, நீருள் விழுந்தவருக்கு அமைந்ததன்று. கடலில் வீழ்ந்தவரின் கழுத்து வழியாகவும் கைவழியாகவும் நீர் புகுந்து, கம்பளியை நனைத்து, உள்ளிருந்த வெப்பத்தைக் கவர்ந்துவிடும்.

அதே காலத்தில் வேறொரு புதுமையும் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மெரிமன் என்பவர், கப்பற்பயணிகளின் உயிர்காப்புக்கென்று இறப்பரால் ஓர் உடையை ஆக்கினார். காலுடையும் மேலுடையும் இடுப்பிலே நீர் புகாவண்ணம் பொருந்தும். உடையினுள் அமைந்த அறைகளைக் குழாய் வழியாக ஊதிக் காற்றால் நிரப்பலாம். இவ்வுடையை அணிந்து போல் பொய்ரன் என்பவர் 1875ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். மல்லாந்து கிடந்து, கால்கள் முன்னே செல்ல, இருபுறமும் அலகுடைய துடுப்பொன்றால் நீரைத் தள்ளி அவர் சென்றார். அவர் கையாண்ட கருவிகளுள் காலிலே பொருத்திய சிறு பாயும் ஒன்று. காற்றால் உந்தப்பட்டு, குளிர்கடலுக்கென்றே அமைந்த உடையுடன் ஒரு மனிதர் கடல்மேற் சென்ற நிகழ்ச்சி இவ்வாறு இற்றைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே நடந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீரிற் கிடந்தும் அவர் குளிரால் மடியவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மத்தியூ வெப் என்பவர் உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு இதே கால்வாயை நீந்திக் கடந்தார். புகழ் நீச்சல் வீரருக்கே பெரிதும் சென்றது. பொய்ரனின் உடை வேடிக்கைப் பொருளாகக் கருதப்பட்டு மெல்ல மறைந்தது.

அதனால் உலகம் இழந்தது யாது என்பதை 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உணர்த்தியிருத்தல் வேண்டும். அன்று வட அத்திலாந்திக்கில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உயிரிழந்தோர் ஏறத்தாழ 1,500 பேர். அவர்களுட் பலர் மிதவைச் சட்டை அணிந்திருந்தனர். கப்பல் மூழ்கி இரண்டு மணி நேரத்துக்குள் கார்பேத்தியா என்னும் கப்பல் அவ்விடத்தை அடைந்தபோதிலும், நீரில் மிதந்தோருட் பெரும்பாலார் அதற்குமுன்னரே இறந்துவிட்டனர். கடல்நீரின் வெப்பநிலை உறைநிலைக்கும் சற்றுக் கீழே இருந்தது. மூழ்கிச் செத்தார்கள் என்றே உலகம் எழுதிக்கொண்டது. மிதந்துகொண்டிருந்தவர்கள் எவ்வாறு மூழ்கினார்கள் என்ற வினா அப்போது பலமாக எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது இரண்டாம் உலக மகாயுத்தம். குண்டுபட்ட கப்பல்களையும் விமானங்களையும் விட்டு நீங்கிய பின்னரே கடலில் உயிரிழந்த போர்வீரர் எண்ணற்றோர். யுத்தம் முடிந்தபின் பிரித்தானிய அறிஞர்கள் அம்மரணங்களை ஆராயத் தலைப்பட்டனர். மிதவைச் சட்டை மனிதரை மிதக்கச் செய்யுமே தவிர, அவருடைய வெப்பத்தைக் காக்காது என்னும் உண்மை தெளிவாயிற்று. 1963ஆம் ஆண்டு திசெம்பரில் மதீராத் தீவுக்கு அண்மையில் லக்கோனியா என்னும் உல்லாசக் கப்பல் தீப்பற்றியது. 128 பேர் மாண்டனர். அங்கு நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை. பனிக்கட்டி மிதக்கும் கடலன்று அது. அவ்வாறிருந்தும், மிதவைச் சட்டை அணிந்திருந்தவர்களுட் பலர் குளிரால் இறந்தனர். பிரித்தானிய உடற்றொழிலியல் அறிஞர் வில்லியம் கீற்றிங் இதனை ஆராய்ந்து எழுதினார். நீரில் இறங்குமுன் உடைகளைக் களைவது நன்று என்ற பழைய எண்ணம் தவறானது என்பதையும், நனைந்த உடைகூட உடலையொட்டிய நீரை ஓடவிடாது தடுத்து வெப்பம் இழப்பதைத் தாமதப்படுத்தும் என்பதையும் அவருடைய ஆராய்ச்சிகள் நிலைநாட்டின.

பின்னர் பிராங்க் கோல்டன், மைக்கல் ரிப்ரன் ஆகியோர் இன்னுமோர் உண்மையை விளக்கினர். குளிர்நீர் மனிதரைக் கொல்வதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. எதிர்பாராது குளிர்நீரில் விழுந்தவர் முதலில் தம்மையறியாமலே பெருமூச்சொன்றை இழுக்கிறார். அக்கணத்தில் முகம் நீருக்குள் இருக்குமாயின் நீர் நுரையீரலுட் புகும். தொடர்ந்து மூச்சு வேகமாகி, கட்டுக்கு அடங்காது போகும். இதயமும் விரைந்து துடிக்கும். இந்த அதிர்ச்சி இரண்டு மூன்று நிமிடங்களில் தணியும். அதன்பின் கைகால்களின் தசைகள் குளிர்ந்து ஆற்றல் இழக்கின்றன. நன்கு நீந்தத் தெரிந்தவரும் நீந்த இயலாதவராகின்றார். உடலின் உட்புறம் ஆபத்தான அளவுக்குக் குளிர்வதற்கோ, வளர்ந்தவர்களுக்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எனவே உடை செய்யவேண்டிய பணிகள் மூன்று: முதல் நிமிடத்தின் அதிர்ச்சியைக் குறைத்தல், கைகால்களின் ஆற்றலைக் காத்தல், உள்வெப்பத்தை நீடிக்கச் செய்தல்.

இவற்றை நிறைவேற்றத்தக்க உடை, எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் உழைத்த இரசாயனவியலாளர் நியோபிரீன் என்னும் செயற்கை இறப்பரைக் கண்டுபிடித்தனர். அதனை நுரைக்கச் செய்து, உள்ளே எண்ணற்ற நுண்ணிய வாயுக்குமிழிகள் அடைபட்டிருக்கும்படி ஆக்கவும் பின்னர்க் கற்றனர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் அறிஞர் ஹியூ பிராட்னர், கடற்படையின் சுழியோடிகளுக்கு உகந்த உடை யாது என 1951ஆம் ஆண்டிற் சிந்திக்கலானார். அதுவரை யாவரும், உடல் நனையாதிருந்தாற்றான் வெப்பம் காக்கப்படும் என்றே எண்ணினர். பிராட்னர் அவ்வெண்ணத்தை மாற்றினார். வெப்பத்தைக் காப்பது வறட்சியன்று. உடையினுள் அடைபட்ட வாயுவே அதனைக் காக்கின்றது. ஆகவே உடைக்குள் சிறிதளவு நீர் புகினும் தீங்கில்லை. அந்நீர் உடற்சூட்டால் விரைவில் வெதுவெதுப்பாகும். அது வெளியேறிப் புதுநீர் புகாதபடி உடை உடலோடு ஒட்டியிருத்தலே வேண்டும். ‘வெற்சூட்’ எனப்படும் ஈர உடை இக்கருத்திலிருந்து பிறந்தது.

இவ்வுடையை முதலில் ஆக்கியவர் யாவர் என்பதுபற்றிப் பிற்காலத்தில் வழக்காடியோர் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1952ஆம் ஆண்டு அலைச்சறுக்குக் கடையொன்றைத் திறந்த ஜாக் ஓநீல் என்பவருக்கும், தென் கலிபோர்ணியாவில் தொழில் நடத்திய மைஸ்றெல் இரட்டைச் சகோதரருக்கும் அப்பெருமையைச் சிலர் வழங்கினர். 1951ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கடிதச் சான்று பிராட்னரின் முதன்மையை உறுதி செய்கின்றது. எனினும் ஆராய்ச்சிசாலையில் இருந்த கருத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, விளையாடுவோரின் பொருளாக்கியவர்கள் வணிகர்களே. பிராட்னர் அதனாற் பெருஞ்செல்வம் ஈட்டவில்லை.

தொடக்ககால ஈர உடைகளிற் குறைகள் பல இருந்தன. இறப்பர் உடலில் ஒட்டிக்கொள்ளுமாதலால் முகப்பூச்சு மாவைத் தூவியே அவற்றை அணிய வேண்டியிருந்தது. சற்றே இழுத்தாலும் கிழிந்துவிடும். நைலோன் துணியை அதன்மேல் ஒட்டியபின் அக்குறை நீங்கியது. ஆயினும் தையல் துளைகள் வழியே குளிர்நீர் உட்புகுந்தது. இதற்குக் கண்ட பரிகாரம் யாதெனில், விளிம்புகளை முதலிற் பசையால் ஒட்டி, பின் ஊசியை நியோபிரீனின் பாதித்தடிப்பில் மட்டும் செலுத்தித் தைப்பதாகும். துருவக் கடலோரத்துப் பெண்கள் தோலிலே தைத்த தையலின் இலக்கணமும் இதுவேயன்றோ!

இந்நிலையிற் காற்றுவழி விளையாட்டுக்கள் புதியதொரு சிக்கலைக் கொண்டுவந்தன. பலகையிலே பாயைப் பொருத்திச் செலுத்தும் முறையை நியூமன் டார்பி என்னும் அமெரிக்கர் 1965ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகை வாயிலாக விளக்கினார். பாய்மரம் எத்திசையும் சாயுமாறு மூட்டமைத்து ஜிம் டிரேக், ஹொய்ல் சுவைற்சர் ஆகிய இருவரும் ஆக்கிய பலகைக்கு 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை வழங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் இவ்விளையாட்டு ஒல்லாந்து, ஜேர்மனி, பிரான்சு முதலிய நாடுகளிற் பரவி, வடகடலின் குளிர்நீரைச் சென்றடைந்தது. 1984ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விழாவிலும் இடம்பெற்றது.

சுழியோடி நீருக்குள்ளே இருப்பவர். பாய்ப்பலகைக்காரரோ நனைந்த உடையுடன் பலத்த காற்றிலே நிற்பவர். மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்வதை யாவரும் அறிவர். நனைந்த நைலோன் துணியும் அவ்வாறே அணிந்தவரைக் குளிர்விக்கின்றது. வீசும் காற்று வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கவர்கின்றது என்பதை அமெரிக்க அறிஞர்களான போல் சைப்பிளும் சார்ள்ஸ் பசலும் அந்தாட்டிக்காவில் ஆராய்ந்து 1945ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தனர். அவ்வறிவு கடல் விளையாட்டுக்கும் பொருந்தியது. எனவே காற்றுவழி விளையாட்டுக்குரிய உடைகளில், மார்பிலும் முதுகிலும் துணி ஒட்டாத வழுவழுப்பான இறப்பர்ப் பரப்பை அமைத்தனர். அதன்மேல் நீர் தங்காது வழிந்துவிடும். ஆவியாவதற்கு அங்கே நீர் இல்லை.

கைப்பகுதியிலும் மாற்றம் வேண்டியிருந்தது. பாயின் கட்டையை நெடுநேரம் இறுகப் பற்றுவோரின் முன்கைத் தசைகள் புடைக்கும். சட்டைக்கை அங்கே மிக இறுக்கமாயின் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை மரத்துவிடும். ஆகவே முன்கையில் மெல்லியதும் சற்றுத் தளர்ந்ததுமான நியோபிரீனையும், உடலின் நடுப்பகுதியிலே தடித்ததையும் அமைக்கும் வழக்கம் உண்டாயிற்று. இதமான கடலுக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர்த் தடிப்புப் போதும். குளிர்காலத்து வடகடலுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் வேண்டும். அத்துடன் காலணி, கையுறை, தலையையும் கழுத்தையும் மூடும் முக்காடு ஆகியனவும் வேண்டும். இன்னும் கடுங்குளிருக்கு, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறப்பர் வளையங்கள் இறுகப் பிடிக்க, உடலை முற்றிலும் நனையாது காக்கும் உலர் உடையை அணிவர். ஆயின் மெல்லிய உலர் உடை தானாக வெப்பம் தருவதன்று; உள்ளே கம்பளி போன்ற ஆடை இல்லாவிடின் அது வெறும் உறையே. பொய்ரனின் இறப்பர் உடையும் எண்ணெய்ச்சீலைக்குள் அணிந்த கம்பளியும் இங்கே ஒன்றுசேர்ந்துவிட்டன எனலாம்.

உடை எவ்வளவு திருந்தினும், கடல் தன் வலிமையை இடைக்கிடை நினைவூட்டியே வந்துள்ளது. 1979ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றிவரும் போட்டியில் 303 பாய்க்கலங்கள் புறப்பட்டன. இடைவழியிற் பெரும்புயல் தாக்கியது. போட்டியிடச் சென்றோருள் 15 பேர் மாண்டனர். 24 கலங்கள் கைவிடப்பட்டன. கலத்திலிருந்து வீசப்பட்டோரும் மிதவைப்படகை நம்பிச் சென்றோரும் அம்மாண்டோருள் இருந்தனர். சிலர் நீரில் மூழ்கினர். சிலர் குளிராலே தளர்ந்து மடிந்தனர். நடுக்கோடையில், நாகரிக நாடுகளின் கரைக்கு அண்மையில், தேர்ந்த கடலோடிகளுக்கு நேர்ந்த கதி இது.

காற்றை நம்பும் விளையாட்டுக்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. இயந்திரப் படகு பழுதுபட்டாலும் அதிலிருப்பவர் படகினுள் இருப்பார். காற்று ஓய்ந்தாலோ பாய்மரம் முறிந்தாலோ பட்டம் நீரில் விழுந்தாலோ, பலகைக்காரர் கடலோடு கடலாகக் கிடக்க வேண்டியவராகிறார். அதுவரை உழைப்பினால் உடலில் எழுந்த வெப்பமும் அடங்கத் தொடங்கும். கரையிலிருந்து காற்று கடலை நோக்கி வீசுமாயின், அவர் கணந்தோறும் கரையைவிட்டு அகல்வார். ஆகவே அவர் அணிந்துள்ள உடை, பாய் விரித்துப் பறக்கும் மணித்தியாலத்துக்கு உரியதன்று. உதவிக்குக் காத்துக் கிடக்கும் மணித்தியாலத்துக்கு உரியது. அனுபவமிக்கோர் பலகையை எடுக்குமுன் கரையோரத்து ஆழமற்ற நீரிலே உடையோடு இறங்கிச் சிறிது நேரம் அமிழ்ந்து பார்ப்பர். அங்கே நடுங்குபவர் அன்று கடலுக்குச் செல்லலாகாது.

இந்நாளில் இலங்கையின் கற்பிட்டிக் கரையிலும் காற்றுப்பட்டச் சவாரி செய்வோர் கூடுகின்றனர். அவர்களுக்கு வெயிலைத் தடுக்கும் மெல்லிய சட்டையொன்றே பெரும்பாலும் போதுமாகின்றது. எனினும் 28 பாகை நீரும் மனித உடலின் 37 பாகைக்குக் குறைந்ததே. பல மணி நேரம் நீரிற் கிடப்பவரிடமிருந்து அதுவும் மெல்ல மெல்ல வெப்பத்தைக் கவரும். கடல் எங்கும் ஒரே விதியையே கைக்கொள்கின்றது. அதன் வேகமே இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது.

குடலங்கி தைத்த பெண்களும், எண்ணெய்ச்சீலை ஆக்கிய கப்பற்றலைவரும், நுரைத்த இறப்பரை ஆராய்ந்த பௌதிகவியலாளரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். ஆயினும் அவர்கள் செய்த பணி ஒன்றே. கடலை மாற்றுதல் மனிதராலாகாது. அதற்கேற்பத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளல் ஆகும். அந்த ஆயத்தம் கரையிலே, உடை உடுக்கும் அப்பொழுதிலேயே முடிந்துவிட வேண்டும். நீருள் விழுந்தபின் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.